பளபள பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கு? பழைய பிக்கப் டிரக்கின் சேசிஸை வீட்டிலேயே மீட்பது எப்படி?

இரவு 11 மணி. தூக்கம் வராமல் யூடியூபைத் தள்ளிக்கொண்டே போனால், எப்படியும் இந்த மாதிரி ஒரு வீடியோ கண்ணில் படும். அமெரிக்காவில் ஏதோ ஒரு பண்ணையின் மூலையில், புல் முளைத்துக் கிடக்கும் பழைய பிக்கப் டிரக். அதை இழுத்து வந்து, பிரித்து, சுரண்டி, பெயின்ட் அடித்து, 20 நிமிடத்தில் ஷோரூம் வண்டியாக மாற்றிவிடுவார்கள். பார்க்கவே செம திருப்தியாக இருக்கும்.

அந்த வீடியோக்களில் ரொம்ப வேகமாக ஓட்டிவிடும் ஒரு கட்டம் உண்டு. மேல்பாகம் மொத்தமும் கழற்றப்பட்டு, அடியில் இருந்த இரும்புச் சட்டம் மட்டும் தனியாக நிற்கும் கட்டம். அந்த டிரக் இன்னும் 30 வருஷம் ஓடுமா, இல்லை ஒரு நாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது உடையுமா என்பது அங்கேதான் முடிவாகிறது. அதுவும் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே.

சேசிஸ்னா என்ன?

நாமக்கல் பக்கம் நெடுஞ்சாலையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கேபின் இல்லாமல், பின்னால் பாடியும் இல்லாமல், இன்ஜின், சக்கரம், ஸ்டியரிங் மட்டும் வைத்து ஒருவர் லாரியை ஓட்டிக்கொண்டு போவார். பாடி கட்டும் பட்டறைக்குப் போகிற வண்டி அது. அதில் முன்னும் பின்னுமாக நீளும் இரண்டு இரும்புச் சட்டங்களும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்ததுதான் சேசிஸ். மேலிருந்து பார்த்தால் ஏணி மாதிரி இருக்கும்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் இப்படித் தனிச் சட்டம் கிடையாது. பாடியே எடையைத் தாங்கும். ஆனால் பிக்கப் டிரக்கில் இன்ஜின், கேபின், சரக்குத் தொட்டி, அச்சு எல்லாமே சேசிஸில்தான் பூட்டப்பட்டிருக்கும். கதவு துருப்பிடித்தால் வேறு கதவு மாட்டலாம். சேசிஸ் துருப்பிடித்தால், எதை எதில் மாட்டுவது?

அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைக்காரர்கள் அதிகம் தேடும் வண்டிகளில் ஒன்று, 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் சி10. ஃபோர்டின் எஃப்-100 இன்னொன்று. சி10-இன் நீளச் சட்டங்கள், தமிழ் எழுத்து 'ப'வைப் பக்கவாட்டில் படுக்க வைத்தது போல மடிக்கப்பட்ட எஃகுத் தகடுகள். குறுக்குச் சட்டங்கள் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டவை. ஒரு பக்கம் திறந்த வடிவம் என்பதால் உள்ளேயும் வெளியேயும் கண்ணால் பார்க்க முடியும், கை விட்டுச் சுத்தம் செய்யவும் முடியும். நாலு பக்கமும் மூடிய பெட்டி வடிவச் சட்டத்தில் துரு உள்ளுக்குள்ளேயே வளரும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

துரு எங்கிருந்து வருது?

இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன். மூன்றும் சேர்ந்தால் துரு. இதில் உப்பும் சேர்ந்தால் வேகம் எகிறிவிடும். கடற்கரை ஓரம் குடியிருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே இது புரியும்.

அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் தெறிக்கும். அதனால்தான் அங்கே பழைய வண்டி வாங்குபவர்கள், 'எந்த மாநிலத்து வண்டி?' என்று முதலில் கேட்கிறார்கள். அரிசோனா போன்ற வறண்ட மாநிலங்களில் ஓடிய வண்டிக்கு மவுசு அதிகம்.

துருவிடம் இன்னொரு குணமும் உண்டு. தான் தின்ற இரும்பை விட அது அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ரிவெட் அடிக்கப்பட்ட இடத்தில் தண்ணீர் புகுந்தால், நடுவில் துரு உப்பி இரண்டையும் பிளக்கும். சட்டத்தின் கீழ் மடிப்பில் தங்கும் சேறும் வருஷக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழைய டிரக்கில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

முதல் வேலை: அளவு எடுப்பது

கழற்றுவதற்கு முன் நூற்றுக்கணக்கில் போட்டோ எடுப்பார்கள். ஒவ்வொரு போல்ட்டும் பெயர் எழுதிய பையில் போகும். கேபினைத் தூக்கியதும், சட்டத்தைச் சமதளமான சிமென்ட் தரையில் உறுதியான தாங்கிகள் மேல் வைப்பார்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம்.

அடுத்த கருவி கொத்தனாரிடம் இருப்பதேதான்: தூக்குக்குண்டு. தொழிற்சாலை கொடுத்த வரைபடத்தில் உள்ள புள்ளிகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறிப்பார்கள். பிறகு முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் டேப் பிடிப்பார்கள். இரண்டு குறுக்களவும் சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், அந்த வண்டி எப்போதோ ஒரு விபத்தில் சிக்கி, சட்டம் கோணலாகியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சட்டத்துக்கு என்ன பெயின்ட் அடித்தாலும் வண்டி நேராக ஓடாது. அதை நிமிர்த்த ஹைட்ராலிக் மேடை உள்ள கடைக்குத்தான் போக வேண்டும்.

சுத்தியல் சொல்லும் சேதி

பல வருஷத்து கிரீஸைக் கரைத்து, செதில் செதிலாக நிற்கும் துருவைச் சுரண்டிய பிறகு, துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி மீதியை நீக்குவார்கள். இதை இன்னும் 'மணல் அடிப்பது' என்றே சொல்கிறார்கள். ஆனால் சாதாரண மணலைப் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து பறக்கும் சிலிக்கா தூசி, நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோயைக் கொண்டுவரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அதனால் நொறுக்கிய கண்ணாடி, கார்னெட் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அப்போதும் முறையான சுவாசக் கவசம் கட்டாயம்.

இப்போது இரும்பு வெள்ளி நிறத்தில் நிற்கும். பலரும் அவசரப்பட்டு பிரைமரை எடுப்பது இந்த இடத்தில்தான். அனுபவஸ்தர்கள் சுத்தியலை எடுப்பார்கள். நல்ல எஃகைத் தட்டினால் 'டிங்' என்று மணி மாதிரி கேட்கும். அரித்துப்போன இடத்தில் 'டொப்' என்ற மந்தமான சத்தம்தான் வரும். சந்தேகமான இடத்தைக் கூரான கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். ஒலி அலை மூலம் தகட்டின் தடிமனை அளக்கும் கையடக்கக் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. ஸ்டியரிங் பெட்டி பூட்டப்படும் இடம், ஸ்பிரிங்கும் சஸ்பென்ஷன் கைகளும் பிடிக்கும் இடம், ரிவெட் துளைகளைச் சுற்றி என எல்லா இடத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்றால், தேய்த்த இரும்பை மூடி வைக்காமல் விடக் கூடாது. ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே அதன் மேல் மெல்லிய துரு திரும்பப் படரும்.

ஒட்டுப் போடலாமா?

போடலாம். எங்கே, எப்படி என்பதில்தான் விஷயம்.

வண்டியில் எடை ஏறும்போது சட்டம் லேசாக வளையும். அப்போது மேல் மடிப்பு நசுக்கப்படும், கீழ் மடிப்பு இழுபடும், நடுப்பகுதியில் அழுத்தம் குறைவு. பிரேக் குழாய், வயர் எல்லாம் போகத் துளைகளை நடுவில் போடுவது இதனால்தான். மேல், கீழ் மடிப்புகளில் புதிதாகத் துளை போட்டால், விரிசல் பிறக்க நாமே இடம் கொடுத்த மாதிரி.

விரிசல் இருந்தால், அதன் நுனியில் சின்னத் துளை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டுத்தான் வெல்டிங் செய்வார்கள். மேலே ஒட்டும் தகட்டின் ஓரங்களையும் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டுவார்கள். சட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோடாக வெல்டிங் ஓடினால், மொத்த அழுத்தமும் அந்த ஒரே கோட்டில் விழும், அதற்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும்.

இன்னொரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது. அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே வாயு.

தகடு பல இடங்களில் காகிதமாகிவிட்டது என்றால், ஒட்டுப் போடுவதில் அர்த்தமில்லை. வறண்ட மாநிலத்திலிருந்து நல்ல சேசிஸ் தேடலாம். சி10 போன்ற பிரபல வண்டிகளுக்குப் புத்தம் புதிய சேசிஸே செய்து விற்கிறார்கள். ஒரு வருஷம் சுரண்டிய பிறகு 'இது தேறாது' என்று சொல்ல மனசு வராதுதான். ஆனால் அந்த முடிவை எடுக்கத் தெரிவதும் இந்த வேலையில் ஒரு பாகம்.

இது பழைய வண்டிகளின் பிரச்சினை மட்டுமா?

இல்லை. அமெரிக்காவில் டொயோட்டா டகோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேசிஸ் துருப்பிடிப்பதாகத் தொடரப்பட்ட வழக்கு 2016-ல் சமரசத்துக்கு வந்தது. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பரிசோதனையில் தேறாத சேசிஸ்களை மாற்றித் தரச் சம்மதித்தது. சுமார் 15 லட்சம் வண்டிகளை உள்ளடக்கிய அந்தச் சமரசத்தின் மதிப்பு, சுமார் 340 கோடி டாலர் வரை போகலாம் என்று அப்போது கணக்கிடப்பட்டது. அவை எல்லாமே 2000-க்குப் பின் வந்த மாடல்கள்.

இப்போ பெயின்ட் அடிக்கலாம்

எபாக்ஸி பிரைமர், அதன் மேல் சேசிஸ் பெயின்ட் என்பது வீட்டில் செய்யக்கூடிய வழி. பவுடர் கோட்டிங் பார்க்க அழகு. ஆனால் சுமார் 200 டிகிரி செல்சியஸில் சூடாக்க வேண்டும், முழு சேசிஸும் நுழையும் அடுப்பு வேண்டும். கல் பட்டு ஒரு இடத்தில் பெயர்ந்தால், அதற்கு அடியில் தண்ணீர் ஊர்ந்து பரவும். பெயின்ட் என்றால் அந்த இடத்தைத் தேய்த்துத் திரும்ப அடித்துவிடலாம். மூடிய பகுதிகளுக்கும் தகடு சேரும் இடுக்குகளுக்கும் மெழுகு போன்ற பூச்சைப் பீய்ச்சுவார்கள்.

எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் ஒரு லைட்டும் எரியாது. பல பேருக்கு நடக்கும் கூத்து இது. பேட்டரியின் எர்த் வயர் சேசிஸைத் தொடும் இடத்தையும் சேர்த்துப் பெயின்ட் மூடியிருக்கும். அந்த ஒரு ரூபாய் அளவு இடத்தை மட்டும் வெறும் இரும்பாக விட வேண்டும்.

அழிக்கக் கூடாத எண்

பல டிரக்குகளில் வண்டியின் அடையாள எண் சேசிஸிலும் பொறிக்கப்பட்டிருக்கும். 1981 மாடலிலிருந்துதான் அமெரிக்காவில் இது 17 இலக்கமாகச் சீரானது. அதற்கு முந்தைய வண்டிகளில் எண் சிறியதாக இருக்கும். துரு நீக்குகிறேன் என்று அதைத் தேய்த்துவிட்டால் சிக்கல். அந்த எண்ணைத் தெரிந்தே அழிப்பதும் மாற்றுவதும் அங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அதனால் முதலில் போட்டோ எடுத்து, டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

இந்தியாவிலும் சேசிஸுக்கு இந்த மரியாதை உண்டு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய இரு, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' ஆகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தாத்தா காலத்து வண்டி வீட்டில் நிற்கிறது என்றால், வெல்டிங் கடைக்குப் போவதற்கு முன் இந்த விதியைப் படித்துவிடுவது நல்லது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் இதே பாடம்தான். பெயின்ட் எவ்வளவு மின்னினாலும் சரி, ஒரு டார்ச்சோடு குனிந்து அடியைப் பாருங்கள். புதுசாகத் தடிமனாகக் கறுப்பு பூசியிருந்தால், பூசுவதற்கு முன் எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவரிடம் அது கட்டாயம் இருக்கும்.