தசமபாகமும் தகுதியும்: மார்மன் இல்லங்களில் கலப்புச் சமயத் திருமணம்

ஆய்வுச்சுருக்கம்

மார்மன் சமயத்தில் வருமானத்தின் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குச் செலுத்துவது ஆலயத்துள் நுழைவதற்குரிய தகுதிகளுள் ஒன்றாகும். தகுதி தனியாளைச் சார்ந்தது. பணமோ இல்லத்துக்குப் பொதுவானது. கணவனும் மனைவியும் ஒரே நம்பிக்கையினராக இல்லாதபோது இவ்விரண்டும் எங்ஙனம் முரண்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மார்மன் சமயம், தசமபாகம், தகுதி, ஆலயப் பரிந்துரை, முத்திரிப்பு, கலப்புச் சமயத் திருமணம்.

முன்னுரை

தசமபாகம் என்னும் சொல் தமிழ்க் கிறித்தவர்க்குப் புதிதன்று. மல்கியா ஆகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை முன்வைத்துப் பல சபைகளில் அது போதிக்கப்படுகிறது. ஆயினும், தசமபாகம் செலுத்தாத தாயோ தந்தையோ தம் மகளின் ஆலயத் திருமணத்தைக் காண இயலாமல் வெளியே காத்திருக்க நேரும் என்பது அவர்களுக்கும் வியப்பளிக்கக்கூடும். 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் நிறுவியதும், இன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டதுமான பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையில் இந்நிலை நடைமுறை உண்மையாகும். இச்சபையினரையே பிறர் மார்மன்கள் என்பர்.

பத்தில் ஒன்று: எதில்?

மார்மன்களின் மறைநூல்களுள் ஒன்றான ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ நூலின் 119ஆம் பிரிவு, 1838ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் மிசௌரி மாநிலத்தின் ஃபார் வெஸ்ட் என்னும் ஊரில் வெளிப்படுத்தப்பட்டதாகக் கருதப்படுவது. மிகுதியான உடைமையை ஆயரிடம் ஒப்படைத்தபின், ஆண்டுதோறும் தம் ‘இன்ட்ரஸ்ட்’ அனைத்திலும் பத்தில் ஒன்றைச் செலுத்த வேண்டும் என அது விதிக்கிறது. இச்சொல் வட்டியைக் குறிக்கிறதா, ஆதாயத்தையா, மொத்த வருமானத்தையா என்னும் ஐயம் நெடுங்காலம் நீடித்தது. 1970இல் சபையின் பிரதான தலைமை அனுப்பிய கடிதம், அது வருமானத்தைக் குறிக்கும் என்று மட்டும் கூறி, அதற்கு மேல் விளக்கம் தர எவருக்கும் உரிமையில்லை என நிறுத்திக்கொண்டது. வரிக்கு முந்தைய வருமானமா, பிந்தையதா என்பதை உறுப்பினரே முடிவு செய்ய வேண்டும். ஒரு நம்பிக்கையாளருக்கு இது மனச்சான்றின் உரிமை. இருவர் வாழும் இல்லத்தில் இதுவே பேரம் பேசுதற்குரிய இடமாகவும் ஆகிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு யூட்டாவில் தசமபாகம் பெரும்பாலும் பொருளாகவே வந்தது. வைக்கோல், தானியம், முட்டை, கால்நடை ஆகியவை ஆயரின் களஞ்சியத்தில் சேர்ந்தன. பத்தாவது நாள் உழைப்பையே காணிக்கையாக ஈந்தோரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இடப்பட்ட முட்டைகளைப் பெண்கள் அறப்பணிக்கென ஒதுக்கிவைத்த வழக்கமும் இருந்தது. வயலும் தொழுவமும் ஈந்த அக்காலத் தசமபாகம் ஒரு குடும்பத்தின் விளைச்சலிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் எவர் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தல் அரிது. பலதார மணத்தை ஒடுக்க இயற்றப்பட்ட 1887ஆம் ஆண்டுச் சட்டத்தால் உடைமைகளை இழந்து கடன்பட்ட சபையை மீட்க, 1899இல் அதன் தலைவர் லொரென்சோ ஸ்னோ தசமபாகத்தை வலியுறுத்திப் போதித்தார். 1907இல் கடன் தீர்ந்தது. அடுத்த ஆண்டு முதல் தசமபாகம் பணமாகவே பெறப்படலாயிற்று. ஊதியம் பெறுபவர் பெயரில் காணிக்கை பதிவாகும் இன்றைய முறைக்கு இம்மாற்றமே வழிவகுத்தது எனலாம்.

தகுதியை வினவும் முறை

ஆலயத்துள் நுழைய ஆலயப் பரிந்துரைச் சீட்டு வேண்டும். உறுப்பினரை முதலில் ஆயர் குழுவைச் சார்ந்த ஒருவரும், பின்னர்ப் பிணையத் தலைமையைச் சார்ந்த ஒருவரும் தனித்தனியே வினவுவர். ஆயர் என்பவர் இங்கு ஊதியம் பெறும் குருவானவர் அல்லர். வேறு தொழில் செய்துகொண்டே சில ஆண்டுகள் அப்பொறுப்பை வகிக்கும் சக உறுப்பினர். இறைநம்பிக்கை, கற்பொழுக்கம், நேர்மை, மது, புகையிலை, காப்பி, தேயிலை முதலியவற்றை விலக்கும் உணவொழுக்கம் ஆகியவற்றோடு, முழுத் தசமபாகம் செலுத்துபவரா என்பதும் கேட்கப்படும். 2019 அக்டோபரில் இவ்வினாக்களின் திருத்திய வடிவம் பொது மாநாட்டிலேயே வாசிக்கப்பட்டது. இறுதி வினா, ஆலயத்துள் நுழையத் தகுதியுடையவர் எனத் தம்மைத் தாமே கருதுகிறாரா என்பதாகும். விடைகள் ஏற்கப்பட்டால் ஈராண்டுகளுக்குச் சீட்டு கிடைக்கும். இவையன்றி, ஆண்டிறுதியில் உறுப்பினர் ஆயரைச் சந்தித்துத் தாம் முழுமையாகச் செலுத்தியவரா, ஓரளவு செலுத்தியவரா, செலுத்தாதவரா என அறிவிப்பதும் வழக்கம்.

சீட்டு இல்லாதவர் சபையிலிருந்து விலக்கப்படுவதில்லை. ஞாயிறு வழிபாட்டில் தடையின்றிப் பங்கேற்கலாம். ஆனால் அச்சீட்டின் பயன் ஆலய வாசலோடு முடிவதுமில்லை. சபை நடத்திய உடற்பயிற்சிக் கூடமொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர், பரிந்துரைச் சீட்டுக்குத் தகுதி பெறாமையால் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்நீக்கத்துக்கு இடமளிக்கும் சட்ட விலக்கு செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. பியூ ஆய்வு மையம் 2011இல் நடத்திய கணிப்பில் மார்மன்களுள் 79 விழுக்காட்டினர் தசமபாகம் செலுத்துவதாகவும், 65 விழுக்காட்டினர் நடப்பிலுள்ள சீட்டு வைத்திருப்பதாகவும் கூறினர்.

இருவராய் மீட்பு, ஒருவராய்த் தகுதி

ஆலயத்தில் நிகழும் திருமணம் முத்திரிப்பு எனப்படும். அது இறப்போடு முடியாது, என்றென்றைக்கும் நீடிக்கும் என்பது நம்பிக்கை. விண்ணுலகின் உயர்நிலையை எய்த இவ்வுடன்படிக்கை தேவை என 1843இல் கூறப்பட்டது. ஆகவே உயர்நிலை எய்துவது இணையராய், வினவப்படுவதோ ஒவ்வொருவராய். இருவரும் நம்பிக்கையாளராக உள்ளவரை இந்த இடைவெளி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 2014ஆம் ஆண்டுப் பியூ ஆய்வின்படி, மணமான மார்மன்களுள் 82 விழுக்காட்டினரின் துணைவர் மார்மன்களே. எஞ்சியோரின் நிலை இதனாலேயே தனிமை மிகுந்தது. திருமணத்தின்போது உடனிருந்த நம்பிக்கையைப் பின்னர் இழந்தவரின் இல்லம் இன்னும் சிக்கலானது. அங்கு ஒருவர் அளித்த வாக்கை மற்றவர் முறித்ததாகவே அது உணரப்படுகிறது.

கலப்பு மணம் குறித்த கவலை இச்சபையில் தொடக்கத்திலேயே உண்டு. 1830ஐச் சார்ந்த 74ஆம் பிரிவு, நம்பிக்கையற்ற கணவரைப் பற்றிப் பவுல் கொரிந்தியர்க்கு எழுதியதற்கு விளக்கம் தருவது. பிள்ளைகளை எவர் நெறியில் வளர்ப்பது என்னும் பூசலே அதன் மையம். பிற்கால விதிகள் படிப்படியாக நெகிழ்ந்தன. கணவர் ஆலயச் சடங்கு பெறாதவராயின் மனைவிக்கும் தரிப்பித்தல் என்னும் சடங்கு பொதுவாக மறுக்கப்பட்டு வந்தது. 1986இல் அத்தடை நீங்கியது. இன்று துணைவரின் இசைவு இருந்தால் அதனைப் பெறலாம். மணமானவர் ஞானஸ்நானம் பெறவும் துணைவரின் இசைவு தேவை. இவ்விரு இடங்களில் துணைவரின் இசைவைக் கேட்கும் சபை, தசமபாக வினாவை நம்பிக்கையாளரிடம் மட்டுமே எழுப்புகிறது. ஆனால் விடையைத் தீர்மானிப்பவருள் நம்பாத துணைவரும் ஒருவர்.

ஓர் இல்லம், இரு கணக்கு

எடுத்துக்காட்டாக ஓர் இல்லத்தைக் கொள்ளலாம். கணவரின் மாத வருமானம் 4,000 டாலர்; மனைவியினது 2,000 டாலர். மனைவி நம்பிக்கையாளர், கணவர் சபையை விட்டு விலகியவர். இல்லத்தின் முழு வருமானத்தையும் கணக்கிட்டால் தசமபாகம் 600 டாலர். அனைத்தும் இருவர்க்கும் பொது என்று கொண்டு மனைவியின் பாதிக்கு மட்டும் கணக்கிட்டால் 300. அவர் ஈட்டியதற்கு மட்டும் என்றால் 200. மனைவி ஊதியமற்ற இல்லத்தரசியாயின் இந்த மூன்றாவது கணக்கின் விடை சுழியம். வருமானம் என்பதற்கு மேல் விளக்கம் இல்லாமையால் இவை அனைத்துக்கும் இடமுண்டு. ஆயினும் பிள்ளைப் பருவம் முதல் முழுமையாகச் செலுத்திப் பழகிய ஒருவருக்கு 200 டாலரைச் செலுத்திவிட்டு “ஆம்” என்று சொல்வது எளிதன்று. கணவருக்கோ அந்த 200 டாலரும் வீட்டுக் கடனிலிருந்தும் பிள்ளைகளின் கல்லூரிச் சேமிப்பிலிருந்தும் பிரியும் தொகை. ஒருவர் கடவுளுக்கு உரியதைக் கொடுப்பதாகவும், மற்றவர் தம்மைக் கேளாமல் எடுக்கப்பட்டதாகவும் அதே தொகையைக் காண்பதில் வியப்பில்லை. இருவரும் தத்தம் நிலையில் நேர்மையானவர்களே.

சட்டமும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. மார்மன்கள் மிகுந்து வாழும் ஐடகோ, அரிசோனா, நெவாடா, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் ஈட்டியது பொதுவாக இருவர்க்கும் உரிய உடைமை. கலிபோர்னியாவில் அதிலிருந்து ஒருவர் நன்கொடை வழங்க மற்றவரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும். யூட்டாவில் இக்கூட்டுடைமை முறை இல்லை. சபையின் வினாவோ எல்லா மாநிலங்களிலும் ஒன்றே. அவரவர் ஊதியத்துக்கு அவரவர் பொறுப்பு என்று பிரித்துக்கொள்வதும், நம்பிக்கையாளர் செலுத்தும் அளவுக்கு இணையான தொகையை மற்றவர் தாம் விரும்பும் அறப்பணிக்கு ஒதுக்குவதும் இத்தகைய இணையர் மேற்கொள்ளக்கூடிய வழிகள். பின்னது நீதியாகத் தோன்றினும் இல்லச் செலவுக்கான பணம் இருமடங்கு குறைகிறது என்பதையும் நோக்க வேண்டும்.

பிள்ளைகளின் சடங்குகளில் இம்முரண் மேலும் தெளிவாகத் தெரியும். ஆலயத்துக்குரிய முழுத் தகுதி இல்லாத தந்தையும், உரிய ஆசாரியத்துவம் உடையவராயின், ஆயரின் இசைவோடு தம் குழந்தைக்குப் பெயரிட்டு ஆசீர்வதிக்கலாம். எட்டு வயதில் ஞானஸ்நானமும் கொடுக்கலாம். ஆலயத்தில் ஆயருக்கு அத்தகைய விருப்புரிமை இல்லை. முன்பு அமெரிக்காவிலும் கனடாவிலும் பிறர் காணப் பொதுவில் மணம் செய்துகொண்ட இணையர், முத்திரிப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அவ்விதி நீக்கப்பட்டது. இன்று தசமபாகம் செலுத்தாத தந்தையும் தம் மகளின் பொதுத் திருமணத்தில் முன்வரிசையில் அமரலாம். அதையடுத்து மகளும் மருமகனும் முத்திரிப்புக்காக ஆலயத்துள் செல்லும்போது, சீட்டுள்ள தாய் உடன் செல்வார். தந்தை காத்திருப்போர் கூடத்தில் இருப்பார்.