மூன்றரைக்கு நாலரை

மும்பையில் ட்ராம்பே பக்கம், சீத்தா கேம்ப் மாதிரி ஒரு பகுதியில் ஃபோட்டோ ஸ்டுடியோ நடத்துகிறவருக்குக் கல்யாண ஆல்பம் சீசனுக்கு வரும் வருமானம். அன்றாடச் செலவுக்குக் கைகொடுப்பது பாஸ்போர்ட் சைஸ்தான். பள்ளிக்கூட அட்மிஷன், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, வளைகுடா வேலை, ஹஜ் விண்ணப்பம், வங்கித் தேர்வு என்று ஒவ்வொன்றும் ஓர் அளவு கேட்கும். வருகிறவர் அவசரத்தில் வருவார். மூன்று மணிக்கு கவுன்டர் மூடிவிடும் என்பார். அந்த நேரத்தில் நினைவை நம்பினால் ஆகாது. அதனால்தான் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். கொஞ்சம் வசதியான கடையென்றால் லேமினேட் செய்திருப்பார்கள்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்? பாஸ்போர்ட், ஷெங்கன் விசா இரண்டுக்கும் 35×45 மில்லிமீட்டர். கடைப் பேச்சில் ‘மூன்றரைக்கு நாலரை’. பான் கார்டு படிவத்தில் ஒட்டிப் பழகிய படம் 25×35. ஸ்டாம்ப் சைஸ் 20×25. அமெரிக்க விசாவும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையும் 51×51 சதுரம். சீன விசா 33×48 என்று தனி வழியில் போகிறது. பின்னணியிலும் வம்பு உண்டு. இந்திய பாஸ்போர்ட் வெள்ளை கேட்கும். அதே இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு வெளிர் நிறம் வேண்டும், வெள்ளை கூடாது. அமெரிக்காக்காரர்கள் 2016 நவம்பரிலிருந்து மூக்குக் கண்ணாடியையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

பிரின்ட் கணக்கும் அதே காகிதத்தில் இருந்தால் நல்லது. 4×6 அங்குலத் தாளில் மூன்றரைக்கு நாலரைப் படம் எட்டு அடங்கும், வெட்டுவதற்கு இடமும் மிஞ்சும். அமெரிக்கச் சதுரம் சரியாக ஆறு. வெட்டுகிற கை கொஞ்சம் ஆடினாலும் ஒன்று பாழ். 300 டி.பி.ஐ.யில் பாஸ்போர்ட் படத்துக்கு 413×531 பிக்சல், அமெரிக்கப் படத்துக்கு 600×600. இவ்வளவும் உள்ளங்கை அகலத்துக்குள் எழுதிவிடலாம்.

இந்தச் சின்னப் படங்களுக்கு சீத்தா கேம்ப்பில் இருக்கிற கனம் மற்ற இடங்களில் கிடையாது. பாபா அணுசக்தி ஆராய்ச்சி மையத்தை ஒட்டி இருந்த ஜனதா காலனியை 1976 மே 17 அன்று, நெருக்கடி நிலைக் காலத்தில், இடித்துத் தள்ளி அங்கிருந்தவர்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அந்த இடிப்பை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து பம்பாய்க்கு வந்த தமிழர். பின்னால் ராமோன் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் பெற்றவர். இடம் மாற்றப்பட்டவர்கள் சுமார் 70,000 பேர் என்பது அவர் எழுதி வைத்த கணக்கு. அதே 1976-ன் ஜனவரியில்தான் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து, அதைத் தொடர்ந்து ‘ஃபோட்டோ பாஸ்’ கொடுக்க ஆரம்பித்தது. இந்த வீட்டில் இருப்பது இவர்தான் என்று படம் ஒட்டி அரசு தரும் சான்று அது. 2001-ல் மாநிலக் குடிசைப் பகுதிச் சட்டத்தில் சேர்த்த அத்தியாயம், ஃபோட்டோ பாஸ் வைத்திருப்பவரைத்தான் ‘பாதுகாக்கப்பட்ட குடியிருப்பாளர்’ என்கிறது. வீடு நிற்பதும் போவதும் ஒரு படத்தோடு கட்டப்பட்டிருக்கிற ஊரில், முகம் இருட்டாக விழுந்த படத்துக்கு என்ன விலை என்று அங்கே இருப்பவர்களைக் கேட்கத் தேவையில்லை.

முகம் ஏன் இருட்டாக விழுகிறது? இதற்குப் பதில் சொல்ல, ஃபோட்டோக்காரர்களின் கைக்காகிதங்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஃபிலிம் காலத்தில் கோடக் டப்பாவைப் பிரித்தால் உள்பக்கத்திலேயே படம் போட்ட வழிகாட்டி இருக்கும்: நல்ல வெயில், மெல்லிய மூட்டம், மேகம், நிழல், ஒவ்வொன்றுக்கும் என்ன அபெர்ச்சர் என்று. நம் வீடுகளில் புழங்கிய ஆக்ஃபா க்ளிக் கேமராவில் எழுத்துகூட வேண்டியிருக்கவில்லை. வெயிலுக்குச் சூரியப் படம், மூட்டத்துக்கு மேகப் படம். ஃபிளாஷின் முதுகில் தூரத்துக்கும் அபெர்ச்சருக்கும் ஒரு கட்ட அட்டவணை. லைட் மீட்டர் வாங்கக் காசில்லாதவர்கள் ‘சன்னி சிக்ஸ்டீன்’ என்ற ஒரே விதியை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். உச்சி வெயிலில் எஃப் 16, ஷட்டர் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குத் தக்க; 200 ஃபிலிம் என்றால் 1/200 நொடி. மூட்டம் ஏற ஏற 11, 8, 5.6 என்று இறங்கி வர வேண்டும். எளிமையான, அருமையான விதி. இன்றைக்கும் கேமராவின் மூளை குழம்பும்போது நான் இதைத்தான் நம்புவேன்.

ஆனால் கலர் வந்தபோது லேப்களுக்கு இன்னொரு வகை அட்டை தேவைப்பட்டது. பிரின்டில் நிறம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, கோடக் நிறுவனம் 1950-களிலிருந்து ஒரு பெண்ணின் படத்தை லேப்களுக்கு அனுப்பியது. முதலில் படத்தில் இருந்தவர் பெயர் ஷெர்லி. அதற்குப் பிறகு வேறு வேறு பெண்கள் வந்தாலும் அட்டையின் பெயர் ‘ஷெர்லி கார்டு’ என்றே நிலைத்துவிட்டது. எல்லோரும் வெள்ளைக்காரப் பெண்கள். அந்தத் தோல் நன்றாக வந்துவிட்டால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் தோல்? கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்த பள்ளிக்கூட குரூப் ஃபோட்டோக்களில் கறுப்புப் பிள்ளைக்குக் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சியது. இதை ஆராய்ந்த மான்ட்ரியல் கான்கார்டியா பல்கலைக்கழகத்தின் லோர்னா ராத் சொல்லும் சங்கதி இன்னும் ருசியானது. கோடக் தன் ஃபிலிமின் பழுப்பு நிறங்களைத் திருத்தியதற்குக் காரணம் தாய்மார்களின் புகார் மட்டுமில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலிக் கம்பெனிகளும் தங்கள் விளம்பரத்தில் சரக்கின் நிறம் சரியாக வரவில்லை என்று சண்டை போட்டதும் ஒரு காரணம். தேக்குக்கும் ரோஸ்வுட்டுக்கும் கிடைத்த மரியாதையில் மனிதருக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்தது. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் ஷெர்லி கார்டு வர 1990-கள் ஆயின.

இதைவிடக் கசப்பான கதை போலராய்டினுடையது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் கையில் எப்போதும் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்பது நிறவெறி அரசின் சட்டம். அந்தப் புத்தகத்துக்கான படங்களுக்குப் போலராய்டின் ஐ.டி.-2 கேமரா பயன்பட்டது. ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்ட அதில் தனிப் பொத்தான் உண்டு. கறுத்த முகம் தெளிவாக விழ வேண்டும் என்ற அக்கறை அங்கே போலீஸுக்காக வந்தது. 1970-ல் கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு போலராய்டு ஊழியர்களே இதைக் கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கினார்கள். 1977-ல் கம்பெனி அங்கிருந்து வெளியேறியது. ஆக, கறுத்த தோலைச் சரியாகப் படம் பிடிக்கும் வித்தை அப்போதே கைவசம் இருந்தது.

அட்டை பொய் சொல்வதில்லை. யாருடைய முகத்தையும் யாருடைய வெயிலையும் மனத்தில் வைத்து எழுதினார்களோ, அவர்களுக்கு அது உண்மை சொல்லும். சீத்தா கேம்ப் ஸ்டுடியோக்காரர் தன் அட்டையைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

டிஜிட்டல் கேமரா வந்தும் இந்தத் தொல்லை போகவில்லை. கேமராவின் மீட்டர் தன் முன்னால் இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்குப் போடும். பாஸ்போர்ட் படத்தில் பின்னால் வெள்ளைத் துணி. ‘அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்’ என்று மீட்டர் படத்தை இருட்டாக்கும். மாநிறத்துக்காரருக்கே முகம் வாடும். நல்ல கறுப்பென்றால் தாடையும் கழுத்தும் ஒன்றாகிவிடும். ஆட்டோவில் எடுக்கிறவர் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் ஏற்றிப் பார்க்க வேண்டும். மானுவலில் எடுத்தால் இன்னும் நிம்மதி: முகத்துக்கு ஒரு வெளிச்சம், துணிக்குத் தனி வெளிச்சம், ஆளைத் துணியிலிருந்து ஒரு மீட்டராவது முன்னால் உட்கார வைப்பது. நிழலும் பின்னால் விழாது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. கருநீலத் திரைக்கு முன்னால் கறுத்த முகத்தை நெருக்கத்தில் எடுத்தால் மீட்டர் அளவுக்கு மீறி வெளுப்பாக்கும்; அங்கே குறைக்க வேண்டும். ‘கறுப்பு என்றால் ஏற்று’ என்று ஒரே வரியில் எழுதிவைத்தால் பாதி நாள் தப்பாகும்.

கேமராவின் மீட்டரைத் தவிர வேறெதுவும் கைவசம் இல்லையென்றால் உள்ளங்கை உதவும். எந்த நிறத்து மனிதருக்கும் உள்ளங்கையின் நிறம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். முகத்தில் படும் வெளிச்சத்திலேயே கையை நீட்டி அளவு எடுத்து, ஒரு ஸ்டாப் திறந்தால் போதும். பழைய ஆட்களின் வழி.

இதையெல்லாம் செய்யாமல் ஃபோட்டோஷாப்பில் முகத்தை வெளுத்துக் கொடுப்பது நம் ஸ்டுடியோக்களின் நெடுநாள் வியாதி. நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்த காலத்திலிருந்து தொடர்கிறது. வாடிக்கையாளரும் அதை விரும்புகிறார், மறுப்பதற்கில்லை. கல்யாண ஆல்பத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். அடையாளப் படத்தில் அது வினை. அமெரிக்க விசாப் படத்தில் முகத்தைத் திருத்துவதற்கே தடை. பாஸ்போர்ட்டுகளுக்கு உலக அளவில் விதி வகுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் தோல் நிறம் உள்ளபடி இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. முக்காடு போடும் பெண்களுக்கும் அதே விதிதான் வழிவிடுகிறது: தலையை மூடலாம், தாடையிலிருந்து நெற்றி மேல் வரை முகமும் அதன் இரு ஓரங்களும் தெரிய வேண்டும். சீத்தா கேம்ப்பில் இந்த ஒரு வரியைத் தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும் எழுதி மாட்டிவைத்தால் பாதி வாக்குவாதம் தீரும்.

படத்தைப் பார்ப்பது இப்போது அதிகாரியின் கண் மட்டுமில்லை, மென்பொருளும்தான். ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களில் வெளிர் நிற ஆண்களுக்கு அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம்; கறுத்த பெண்களுக்கு அது 34.7 சதவீதம் வரை போனது. ஷெர்லியின் பேத்திகள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

வெளிச்சத்துக்கு வருவோம். சன்னி சிக்ஸ்டீன் மைதானத்துக்கு எழுதிய விதி. சீத்தா கேம்ப்பின் சந்துகளில் எதிர் வீட்டு மாடி நீட்டிக்கொண்டிருக்கும். வானம் ஒரு நாடா அகலத்துக்குத்தான் தெரியும். உச்சிப் பொழுதில்கூட எஃப் 4 அல்லது 2.8 தேவைப்படலாம். மழைக்காலத்தில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கூரைமேல் நீலத் தார்பாய் ஏறிவிடும். அதன் வழியாக வரும் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கத்தை நீலமாக்கும். மறுபக்கத்தில் டியூப்லைட்டோ எல்.இ.டி.யோ. எந்த ஒயிட் பாலன்ஸ் வைத்தாலும் ஒரு கன்னம் கெடும். ஒரு விளக்கை அணைத்துவிட்டு ஒரே வகை வெளிச்சத்தில் எடுப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது. ஃபிளாஷ் கணக்கும் இங்கே மாறும். கைடு நம்பர் 28 என்றால் மூன்றரை மீட்டரில் எஃப் 8 என்பது அட்டவணை. நடுத்தரமான ஓர் அறையை நினைத்து எழுதிய கணக்கு அது. பத்தடி அறையில் நாலு சுவரும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பச்சைச் சுவர் என்றால் பச்சையாக அடிக்கும்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு இப்போது மில்லிமீட்டரைவிடக் கிலோபைட்டுதான் தலைவலி. வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். கேட்பது 200×230 பிக்சல், 20-லிருந்து 50 கே.பி.க்குள் படம், கையெழுத்து 140×60, 10-லிருந்து 20 கே.பி. இதற்கென்றே கடைகளில் ஆள் உட்கார்ந்து படத்தைச் சுருக்கித் தருகிறார். மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையமான எஸ்.எஸ்.சி. 2024 முதல் விண்ணப்பிக்கும்போதே நேரடியாகப் படம் பிடிக்கச் சொல்கிறது. ஸ்டுடியோக்காரருக்கு அதில் வேலை இல்லை. பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலும் நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும்தான் படம் கொண்டுபோக வேண்டும். மற்றவர்களை அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

அதனால் அட்டையில் இனி வீட்டுக்காரர்களுக்கும் நாலு வரி வேண்டும். பகலில் வாசற்படிக்கு உள்ளே ஓரடி தள்ளி, தெருவைப் பார்த்து உட்காருங்கள். கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். பின்னால் இரண்டடி விட்டு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். சுருக்கம் தெரியக் கூடாது. ஃபோனைக் கண் உயரத்தில் வேறொருவர் பிடிக்கட்டும். திரையில் முகத்தைத் தொட்டால் ஃபோன் அதற்கே வெளிச்சம் கணக்குப் போடும். அப்போதும் இருட்டாகத் தெரிந்தால் பக்கத்தில் வரும் சூரியப் படத்தைச் சற்று மேலே இழுத்துவிடுங்கள். வாசலில் ஸ்கூட்டர் நின்றால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சிவப்பு வண்டியென்றால் கன்னத்தில் தெரியும்.