கடலே கண்ணில் படாத ஆவடியிலிருந்து கடல் விஞ்ஞானி ஆக முடியுமா? பிளஸ் 1 குரூப் எடுக்கும் முன் மாணவிகள் கவனிக்க வேண்டியவை

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை உரசிக்கொண்டு போனபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. மெஷின்கள் மூழ்கின. மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாத ஊர் இது. ஆனால் அந்த மழையை அனுப்பி வைத்தது கடல்தான்.

கடலின் மேற்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால்தான் புயலுக்குத் தீனி கிடைக்கும். அந்தச் சூடு எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது என்பதும் முக்கியம். இதை அளப்பதற்காக வங்கக்கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறார்கள். 500 மீட்டர் ஆழம் வரை வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளந்து, சாட்டிலைட் வழியாக அவை தகவல் அனுப்புகின்றன. இவற்றைப் பராமரிப்பது பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.டி.

ஆனாலும் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பத்தாவது முடித்த பெண்ணிடம் 'கடல் அறிவியல் படிக்கலாமே' என்று சொன்னால், 'எனக்கு நீச்சலே தெரியாதே' என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். வீட்டில் கேட்டால், 'பொம்பளப் புள்ளைய கப்பல்ல அனுப்புறதா?' என்பார்கள்.

கடல் அறிவியல் என்றால் மீனும் நீச்சலும்தானா?

இல்லை. இப்போது நடக்கும் பெரிய வேலையையே எடுத்துக்கொள்வோம். 3 பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பும் 'சமுத்ரயான்' திட்டத்துக்காக என்.ஐ.ஓ.டி. உருவாக்கும் நீர்மூழ்கி வாகனம் 'மத்ஸ்யா 6000'. அந்த ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம், நாம் தரையில் உணரும் காற்றழுத்தத்தைப் போல 600 மடங்கு இருக்கும். அதைத் தாங்குவதற்காக 3 பேரும் உட்காரும் உருண்டையை 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியத்தில் வடிவமைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் வெறும் 2.1 மீட்டர். ஒரு சின்ன பாத்ரூம் அளவுதான்!

இந்த உருண்டையை வெல்டிங் செய்ய ஆள் வேண்டும். பேட்டரி, தண்ணீருக்கடியில் பேசும் கருவி, கேமரா, உள்ளே மூச்சுவிட ஆக்சிஜன், எல்லாவற்றையும் இயக்கும் சாஃப்ட்வேர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இன்ஜினியர்கள் வேண்டும். நீச்சல் கட்டாயம் என்பது தண்ணீரில் இறங்கி டைவிங் செய்யும் ஆய்வுகளுக்குத்தான். வால்வு, சிஎன்சி, டாலரன்ஸ் என்று சாப்பாட்டு நேரத்திலும் பேசிக்கொள்ளும் அம்பத்தூர் வீடுகளில் வளரும் பெண்களுக்கு இந்த உலகம் உண்மையில் ரொம்பப் பக்கம். அதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மத்ஸ்யாவின் துறைமுகச் சோதனை 2025 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் நடந்தது. எங்கே? காட்டுப்பள்ளியில். ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டம்தான்.

கடலிலிருந்து குடிதண்ணீர்

இன்னொரு உதாரணம், லட்சத்தீவின் கவரத்தி. நல்ல தண்ணீருக்குத் தவித்த தீவு. 2005இல் என்.ஐ.ஓ.டி. அங்கே ஒரு நிலையம் அமைத்தது. கடலின் மேல்மட்டத் தண்ணீர் சூடானது, சுமார் 350 மீட்டர் ஆழத்தில் இருக்கும் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்தது. காற்றழுத்தத்தைக் குறைத்த அறைக்குள் மேல்மட்டத் தண்ணீரை விட்டால், கொதிக்க வைக்காமலேயே அதில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். அந்த ஆவியை ஆழத்துக் குளிர்ந்த நீரால் குளிர்வித்தால் உப்பில்லாத தண்ணீர். ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர்.

இந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்த என்.ஐ.ஓ.டி.யின் ஆற்றல், நன்னீர் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் பூர்ணிமா ஜலிஹல். ஒரு பெண்.

கப்பலில் பெண்களா?

1983 டிசம்பரில் புறப்பட்ட இந்தியாவின் மூன்றாவது அண்டார்டிகா பயணத்திலேயே கடல் விஞ்ஞானி அதிதி பந்த், புவியியலாளர் சுதீப்தா சென்குப்தா என இரண்டு பெண்கள் போனார்கள். கோவாவிலிருந்து கிளம்பி, மாதக்கணக்கில் கடலிலும் பனியிலும் வேலை பார்த்துத் திரும்பினார்கள். 40 வருஷத்துக்கு முந்தைய கதை இது.

ஆனால் கணக்கு இன்னும் சமமாகிவிடவில்லை. 2025 ஆகஸ்ட் 5, 6 தேதிகளில் பிரான்ஸின் 'நாட்டில்' வாகனத்தில், சமுத்ரயானுக்கான பயிற்சியாக அட்லாண்டிக் கடலுக்குள் இறங்கிய இந்தியர்கள் ராஜு ரமேஷ் (4,025 மீட்டர்), ஜதிந்தர் பால் சிங் (5,002 மீட்டர்). இருவருமே ஆண்கள்.

எந்த குரூப் எடுப்பது?

பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடல்சார் இன்ஜினியரிங்குக்குக் கணிதம் கட்டாயம். மீன்வளப் படிப்பான பி.எஃப்.எஸ்சி.க்கு உயிரியல் கட்டாயம். 15 வயதில் இரண்டில் ஒன்றை முடிவு செய்ய முடியாதவர்களுக்கு, இரண்டு கதவையும் திறந்து வைப்பது பயோ-மேத்ஸ் குரூப். பியூர் சயின்ஸ் எடுத்தால் இன்ஜினியரிங் கதவும், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் மீன்வளக் கதவும் மூடிவிடும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்பு, கடல் பொறியியல் பி.டெக் இருக்கிறது, அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டால் கதை முடிந்துவிடாது. மெக்கானிக்கல், இ.இ.இ., இ.சி.இ. படித்தவர்களையும் என்.ஐ.ஓ.டி. வேலைக்கு எடுக்கிறது. பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவர்கள், கடலூர் மாவட்டம் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடத்தும் கடல் உயிரியல் மையத்தில் எம்.எஸ்சி. சேரலாம்.

வீட்டில் சொல்லிவிட வேண்டிய ஒரு விஷயமும் உண்டு. இந்தத் துறையில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. ஆரம்பத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலான புராஜெக்ட் வேலைதான். டிகிரி முடித்ததும் கவர்மென்ட் வேலை என்று நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான்.

செலவுக்கு என்ன வழி?

6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங், மீன்வளம் ஆகிய படிப்புகளில் 7.5% உள் இட ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்குப் 'புதுமைப்பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். நடுவில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்கு மாறினாலும் 7.5% போய்விடும் என்பதால், பள்ளி மாற்றும் முன் யோசிக்க வேண்டும்.

பி.எஃப்.எஸ்சி.க்கு நீட் கிடையாது, பிளஸ் 2 மதிப்பெண்தான். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று பொன்னேரியிலேயே இருக்கிறது. ஆவடியிலோ அம்பத்தூரிலோ லோக்கல் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்தால் போதும்.