அடுக்களையில் வாழும் வினைச்சொற்கள்

ஒரு மொழியின் செல்வத்தை அளக்கப் புகுவோர் பெரும்பாலும் அதன் பெயர்ச்சொற்களையே எண்ணுவர். புதிய பொருள்களுக்குப் புதிய பெயர்கள் உளவா, கலைச்சொற்கள் போதுமா என்று ஆராய்வர். வினைச்சொற்களைப் பற்றிக் கவலை கொள்வோர் குறைவு. பெயர் பொருளோடு வரும்; பொருள் வழக்கொழிந்தால் தானும் மறையும். வினையோ மக்கள் செய்யும் தொழிலையும், அத்தொழிலில் அவர்கள் கண்ட நுணுக்கத்தையும் சுமந்து நிற்பது. தமிழ் வினைகள் செறிந்து வாழும் இடங்களுள் வீட்டின் அடுக்களை தலையாயது. அங்கு இன்று நேர்ந்துவரும் இழப்பையும், அதனை ஆசிரியர் தடுத்தற்குரிய வழியையும் இங்கு நோக்குவோம்.

நகர்ப்புறத்து வீடுகளில் இன்று வெங்காயத்தைப் ‘பிரை பண்ணுகிறோம்’. மீனையும் பிரை பண்ணுகிறோம். கடலைக்கும் அப்பளத்திற்கும் அதே சொல். தமிழ் இவற்றை ஒன்றாகக் கருதவில்லை. வெறுஞ்சட்டியிலோ மிகச் சிறிது எண்ணெயிலோ ஈரம் போகக் கிளறினால் அது வறுத்தல்; மல்லியையும் கடலையையும் வறுக்கிறோம். சிறிது எண்ணெயில் சூடேற்றிக் காயைத் துவளச் செய்தால் வதக்குதல். மூழ்கும் அளவு எண்ணெயில் இட்டு எடுத்தால் பொரித்தல். காய்ந்த எண்ணெயில் கடுகை வெடிக்கவிட்டுக் கறிவேப்பிலை சேர்த்து, அம்மணத்தைக் குழம்பில் ஏற்றினால் தாளித்தல். நான்கு வினைகளும் நான்கு வேறு அறிவுகள். எண்ணெயின் அளவும் சூட்டின் தன்மையும் பொருளின் மாற்றமும் அச்சொற்களுள்ளேயே அடங்கியுள்ளன. ‘வெங்காயத்தை வதக்கு’ என்று தாய் சொன்னால், எப்போது நிறுத்தவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறாள். ‘பிரை பண்ணு’ என்னும் தொடரில் அக்குறிப்பு இல்லை.

பிற தொழில்களிலும் இந்நுட்பத்தைக் காணலாம். அம்மியில் மிளகாயை அரைப்பர், ஆட்டுக்கல்லில் மாவை ஆட்டுவர், திரிகையில் உளுந்தைத் திரிப்பர், உரலில் மஞ்சளை இடிப்பர், நெல்லைக் குத்துவர். பாலைக் காய்ச்சுவர், சோற்றை வடிப்பர், இட்டிலியை அவிப்பர், தோசையைச் சுடுவர், களியைக் கிண்டுவர், கீரையைக் கடைவர். முறம் ஒன்றையே கையில் கொண்டு புடைத்தலும் கொழித்தலும் செய்வர். அரிசியைக் களைவர், கல் போக அரிப்பர், மாவைச் சலிப்பர். இத்துணை வினைகளையும் எழுத்தறியாத தாய்மார்கள் பிழையின்றி ஆண்டுவந்தனர். அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற அகராதி அது.

இச்சொற்கள் குறைவதற்கு மக்களின் அசட்டை மட்டும் காரணம் ஆகாது. வாழ்க்கை மாறியது. சுபாங் ஜெயாவையே எடுத்துக்கொள்வோம். இன்று அடுக்குமாடிகளும் அங்காடிகளும் நிறைந்த இந்நகரின் நிலப்பரப்பு ஒரு காலத்தில் சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்தது. 1970களின் நடுப்பகுதியில் அது நகராக மாறத் தொடங்கியது. தோட்டத்தின் பெயரைச் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. லயத்து வீடுகள் மறைந்தபோது அவற்றின் விறகடுப்பும் அம்மியும் ஆட்டுக்கல்லும் உடன் மறைந்தன. மாடி வீட்டில் உரலுக்கு இடம் ஏது? அரைத்தல், ஆட்டுதல், திரித்தல், இடித்தல் ஆகிய நான்கினையும் ஒரே மின்கருவி ஏற்றுக்கொண்டது. கருவி ஒன்றானதும் சொல்லும் ஒன்றாயிற்று. மின்சோற்றுக்கலத்தில் கஞ்சி வடிப்பதில்லை. ஆகவே ‘வடித்தல்’ என்னும் வினைக்கும் வேலை இல்லாமற் போயிற்று.

மின்கருவிகளை விலக்குக என்று எவரும் கூறார். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவச் சென்ற பெண்கள், மாலையில் வந்து மாவாட்டிய துன்பம் நீங்கியது நன்றே. ஆயினும் கருவி மாறும்போது சொல்லைக் காப்பதற்குத் தனி முயற்சி வேண்டும். அம்முயற்சி பள்ளியினின்று தொடங்குதல் தகும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பெயர்ச்சொற்களைக் கடன் கொள்வது இழுக்காகாது. இந்நாட்டில் நம் அடுக்களை மலாய் மக்களிடமிருந்து பெலாச்சானையும் சம்பலையும் காங்கோங் கீரையையும் பெற்றது. பொருளோடு பெயரும் வந்தது. மலாய் மொழியும் நம்மிடமிருந்து பெற்றுள்ளது. ஆப்பம் அங்கு ‘அப்பாம்’ ஆயிற்று. தயிர் ‘தைரு’ ஆயிற்று. முருங்கை ‘மெருங்கை’ ஆயிற்று. கறி ‘காரி’ ஆயிற்று. அண்டை வீட்டார் கறி மாற்றிக்கொள்வது போன்றது இது, இருவர்க்கும் ஊதியமே. பெலாச்சானை அம்மியில் வைத்து ‘அரைத்தோம்’, காங்கோங்கை ‘வதக்கினோம்’ என்னும்வரை வந்த பொருள் தமிழுக்குள் அடங்கிற்று. வினையையே கைவிட்டுப் ‘பண்ணு’ என்பதை ஊன்றுகோலாகக் கொள்ளும்போதுதான் மொழி மெலிகிறது.

இதனால் விளையும் கேடு அடுக்களையோடு நிற்பதில்லை. இலக்கியக் கல்வியையும் தாக்குகிறது. குறுந்தொகையின் 167ஆம் பாடல் கூடலூர் கிழார் இயற்றியது. புதுமணப்பெண் தன் மெல்விரல்களால் கட்டித் தயிரைப் பிசைகிறாள். தாளிப்பின் புகை கண்களிற் படியத் தானே துழாவிப் புளிக்குழம்பைச் சமைக்கிறாள். கணவன் அதனை இனிதென உண்கிறான். அவள் முகம் நுண்ணிதின் மலர்கிறது. கண்டுவந்த செவிலித்தாய் இதனை நற்றாய்க்கு உரைக்கிறாள். பாடலின் உயிர் பிசைதல், துழாவுதல், அடுதல் ஆகிய சிறு வினைகளில் இருக்கிறது. தாளிப்பைச் சங்கத்தார் ‘குய்’ என்றனர். கடுகு வெடிக்கும் ஓசையையும் கண்ணைக் கரிக்கும் புகையையும் அறியாத மாணவனுக்கு அச்சொல்லின் பொருளை எழுதிப் போடலாம். பாடலின் சுவையை எவ்வாறு ஊட்டுவது?

பழமொழிகளின் நிலையும் இதுவே. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். பருக்கை ஒன்றை எடுத்து விரலிடையே நசுக்கிப் பதம் பார்ப்பதை அவர்களுட் பலர் கண்டதில்லை. சோறு வெந்ததைக் கலத்தின் விளக்கே அறிவித்துவிடுகிறது. ‘அரைத்த மாவையே அரைத்தல்’ என்பதும் அவர்களுக்கு வெறுந்தொடரே.

நம் இலக்கண நூலார் உணவு பற்றிய வினைகளை எத்துணைக் கருத்தோடு நோக்கினர் என்பதும் எண்ணத்தக்கது. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில், பல வினைகட்கு உரிய பொருள்களை ஒரு பொதுப்பெயரால் சுட்டினால், அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையை அதற்குக் கொடுத்தல் ஆகாது என்னும் விதி உண்டு. உரையாசிரியர்கள் ‘அடிசில்’ என்பதனை எடுத்துக்காட்டினர். அடிசிலுள் உண்பனவும் தின்பனவும் பருகுவனவும் நக்குவனவும் அடங்குதலின், ‘அடிசில் தின்றார்’ என்னாது, ‘அடிசில் அயின்றார்’ எனப் பொதுவினையால் முடித்தல் வேண்டும் என்றனர். பள்ளிகளில் வினைமரபு என்னும் பெயரால் நாம் கற்பிப்பது இந்நுண்ணுணர்வின் தொடர்ச்சியே. பானை வனைந்தான், கூடை முடைந்தாள், பாய் பின்னினாள் என்னும் வரிசையில் கீரை கடைந்தாள், சோறு வடித்தான், குழம்பு தாளித்தான் என்பவற்றையும் சேர்த்தல் பொருந்தும்.

‘வடித்தான்’, ‘தாளித்தான்’ என ஆண்பாலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. அடுதொழில் பெண்டிர்க்கே உரியது என்பது பிழைபட்ட எண்ணம். சிறந்த சமையலை நளபாகம் என்று ஓர் அரசன் பெயராலேயே வழங்குகிறோம். மேலும், ‘சமைத்தல்’ என்னும் சொல்லே விரிந்த பொருளுடையது. தேரைச் சமைத்தான், கோயில் சமைத்தான் என ஆக்கத் தொழில் அனைத்திற்கும் அது வழங்கியது. அரிசியையும் பருப்பையும் கொண்டு உணவை ஆக்குவதும், மரத்தைக் கொண்டு தேரை ஆக்குவதும் தமிழர்க்கு ஒரே சொல்லுள் அடங்கின. நாள்தோறும் வீட்டில் நிகழும் படைப்புத் தொழில் சமையலே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, வகுப்பறையில் செய்யத்தக்கவை மூன்றினைக் கூறலாம். அவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை.

முதலாவது, செய்ம்முறை எழுதுதல். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டுப் பெரியோர் ஒருவரிடம் ஒரு குழம்பு வைக்கும் முறையைக் கேட்டுப் பத்து வாக்கியங்களில் எழுதிவரட்டும். ‘பண்ணு’ என்னும் வினை ஓரிடத்தும் வரலாகாது என்பதே கட்டளை. சொல் தெரியாதபோது அவன் மீண்டும் பாட்டியிடம் செல்வான். அப்போது வீட்டிலும் ஒரு தமிழ்ப்பாடம் நடக்கும்.

இரண்டாவது, கண்டு கற்றல். ஒரு முறமும் ஒரு சல்லடையும் சிறிது பயறும் போதும். புடைத்தலையும் கொழித்தலையும் சலித்தலையும் ஒருமுறை தன் கையால் செய்த பிள்ளைக்கு அவற்றின் வேறுபாட்டை நூல் கொண்டு விளக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, சொற்பட்டியல். மாணவர் கொணர்ந்த வினைகளை வகுப்பின் சுவரில் எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பொருளையும் கருவியையும் எதிரே குறிக்கலாம். ஊர்தோறும் வழக்கு வேறுபடுமாதலின், ஒரே செயலுக்கு இரண்டு சொற்கள் வரினும் இரண்டையும் ஏற்க. ஓராண்டில் அப்பட்டியல் ஒரு சிறு வட்டார அகராதியாக வளரும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறையினர் முதுமை எய்திவிட்டனர். அவர்தம் நாவில் இச்சொற்கள் இன்னும் உயிரோடு உள்ளன. பேரப்பிள்ளைகளின் செவிக்கு அவை எட்டவேண்டும். அடுத்த வாரத்து வீட்டுப்பாடமாகவே அதனைத் தொடங்கலாம்.