தம்பானூர் சுருள் கட்டடமும் ஒரு பாடநூலும்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டி, செங்கல்லில் சுருண்டெழுந்து நிற்கிறது இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் வடிவமைத்தது. உள்ளே மாடிப்படி தேடாதீர்கள். தரையே சரிந்து சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. சுவரோரம் மேசைகள். செங்கல் துளைகள் வழியே வெளிச்சமும் காற்றும். தலைப்பாகை கட்டிய ஊழியர்கள் தட்டேந்தி அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார்கள்.

இதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதுவதானால் எங்கே தொடங்குவது? செய்திக்கு வழி தெரியும்: தலைகீழ்ப் பிரமிடு. முக்கியமானது முதலில், இடம் போதாவிட்டால் கடைசிப் பத்திகளை வெட்டலாம். ஃபீச்சர் கட்டுரையின் வாலை அப்படி வெட்ட முடியாது. வாசகர் கடைசிவரை வருவார் என்று நம்பிக் கட்டுவது அது.

அந்தக் கட்டுமானத்தை நான் அறிந்த நூல்களில் தெளிவாகச் சொல்வது, ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ எழுத்தாளர் வில்லியம் பிளண்டெல் 1988-இல் வெளியிட்ட பாடநூல். எழுதப்போகும் விஷயத்தை முதலில் ஓரிரு வாக்கியத்தில் சொல்லிப் பார் என்கிறார். பிறகு ஆறு கோணங்களில் விசாரிக்கச் சொல்கிறார்: வரலாறு, பரப்பு, காரணம், விளைவு, எதிர்வினை, வருங்காலம்.

காபி ஹவுஸிடம் கேட்டுப் பார்க்கலாம். வரலாறு உடனே பதில் தருகிறது. காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது, வேலையிழந்தவர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். 1957-இல் பெங்களூர், 1958-இல் திருச்சூர். ஆக, நம் வாக்கியம் கிடைத்துவிட்டது: பரிமாறுபவர்களே உரிமையாளர்களான கடை. இனி பேக்கரின் அழகுக்கு நாலு வரி போதும். நாளெல்லாம் சரிவில் நடக்கும் கால்களைப் பற்றித்தான் ஊழியரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். எதைக் கேட்பது, எதை விடுவது என்ற இந்தத் தெளிவைத்தான் பாடநூல் தருகிறது. பதிலை நாம்தான் போய் வாங்கிவர வேண்டும்.

பத்திரிகை எழுத்தைப் புத்தகத்தில் படிக்க முடியுமா என்று கேட்கும்போதெல்லாம் இந்த ஊரின் ‘சுதேசாபிமானி’ பத்திரிகை ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை நினைவுக்கு வருகிறார். திவானைக் கண்டித்து எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26-இல் அச்சகம் பறிமுதலானது; அவர் திருவிதாங்கூரிலிருந்து நாடு கடத்தப்பட்டார். எழுதப் பத்திரிகை இல்லாத அந்த நாட்களில் அவர் எழுதியது ‘விருத்தாந்த பத்ர பிரவர்த்தனம்’. 1912-இல் வந்த அது, மலையாளத்தின் முதல் இதழியல் நூல்.