பெந்தெகொஸ்தேயும் மிசோ மலையின் முரசும்

பெந்தெகொஸ்தே என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஐம்பதாவது என்பதே பொருள். பாஸ்கா விழாவையடுத்து ஏழு வாரங்களை எண்ணி, கோதுமை அறுவடையின் முதற்பலனை ஆலயத்தில் படைத்து யூதர்கள் கொண்டாடிய திருநாள் அது. இயேசு பெருமான் உயிர்த்தெழுந்த பின்னர் வந்த அத்திருநாளன்று, எருசலேம் நகரில் ஒரு வீட்டில் கூடியிருந்த அவருடைய சீடர்மீது பரிசுத்த ஆவி இறங்கிற்று என்று விவிலியம் கூறுகிறது. ஆகவே ஈஸ்டர் ஞாயிறையும் சேர்த்து எண்ண வரும் ஐம்பதாம் நாளைத் திருச்சபையின் பிறந்த நாளாகக் கிறிஸ்தவர்கள் போற்றுகின்றனர். ஈஸ்டர் ஆண்டுதோறும் மாறுவதால் இத்திருநாளும், மேற்கத்தியத் திருச்சபைகளின் கணக்குப்படி, மே 10-க்கும் ஜூன் 13-க்கும் இடையில் மாறி மாறி வரும்.

அன்று நடந்தவற்றைச் சித்திரம் தீட்டியோர் அனைவரும் தீ நாவுகளையும் பெருங்காற்றையுமே வரைந்தனர். மொழிபெயர்ப்பையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட நமக்கோ, அதற்கடுத்து வரும் செய்திதான் கண்ணில் படுகிறது. பார்த்தியா, மெசபொத்தேமியா, எகிப்து, ரோமாபுரி எனப் பல தேசங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் அந்நாளில் எருசலேமில் தங்கியிருந்தனர். கலிலேயாவின் எளிய மனிதர் பேசியது அவர்கள் ஒவ்வொருவருக்கும் தத்தம் தாய்மொழியில் கேட்டது. கவனித்துப் பார்த்தால், பேசியவர்கள் வியந்ததாக நூலில் இல்லை. கேட்டவர்களே வியந்து நின்றனர். பிறந்த ஊரை விட்டு வெகுதொலைவில் வாழ்பவன் காதில் எதிர்பாராத இடத்தில் தன் மொழி விழுந்தால் அவன் மனம் என்ன பாடுபடும் என்பதைத் தில்லியிலும் கல்கத்தாவிலும் ஷில்லாங்கிலும் குடியிருக்கும் தமிழன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் இந்த ஆவிக்குத் தமிழ்ப் பெயர் உடனே கிடைத்துவிடவில்லை. போர்த்துகீசியப் பாதிரிமார் காலத்தில் வந்த ‘இஸ்பிரீத்து சாந்து’ என்ற சொல் கத்தோலிக்கர் செபங்களில் இருபதாம் நூற்றாண்டிலும் ஒலித்தது. அதைச் சொல்லிச் சிலுவையிட்டுக்கொண்ட பாட்டிமாரின் பக்தியில் குறையொன்றும் இல்லை. எனினும் பரிசுத்த ஆவி, தூய ஆவி என்னும் சொற்கள் வந்தபோது அது உயிர்மூச்சோடு தொடர்புடையதென்று சொல்லிலேயே விளங்கிற்று. ஒரு புதிய சபைக்கு ஆவியின் ஆற்றல் வருவது எப்போது என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. பெரும்பகுதியை நாட்டின் வடகிழக்கு மூலையில், இன்று மிசோரம் என வழங்கும் மலைநாட்டில் காணலாம்.

அந்த மலைநாடு அக்காலத்தில் அஸ்ஸாம் மாகாணத்தைச் சேர்ந்த லுஷாய் மலை. 1894 ஜனவரி 11 அன்று லோரெய்ன், சாவிட்ஜ் என்னும் இரண்டு ஆங்கில மிஷனரிகள் படகில் வந்து சாய்ராங்கில் இறங்கினர். மிசோ மொழிக்கு அப்போது எழுத்தில்லை. ரோமன் எழுத்துகளைக் கொண்டு அவர்கள் ஒரு நெடுங்கணக்கு அமைத்தனர். இலக்கணமும் அகராதியும் தொகுத்தனர். நான்காண்டுக்குள் புறப்பட்டுச் செல்வதற்கு முன் அவர்கள் மொழிபெயர்த்து முடித்தவை மூன்றே நூல்கள்: லூக்கா நற்செய்தி, யோவான் நற்செய்தி, அப்போஸ்தலர் நடபடிகள். பெந்தெகொஸ்தே நாளின் வரலாறு உள்ளது மூன்றாவது நூலிலேதான். எழுத்தறியத் தொடங்கிய ஒரு சமூகம் முதன்முதலாகப் படித்த பக்கங்களில் அதுவும் ஒன்று. கடவுளுக்குப் பத்தியன் என்றும், ஆவிக்குத் த்லராவ் என்றும் மலைமக்கள் தங்களுக்குள் வழங்கிவந்த சொற்களே அம்மொழிபெயர்ப்பில் இடம்பெற்றன. இதனை நாம் சாதாரண முடிவாகக் கருதவில்லை. வெளியிலிருந்து ஒரு பெயரை இறக்குமதி செய்வது மொழிபெயர்ப்பாளனுக்கு எளிது, பாதுகாப்பானதுங்கூட. உள்ளூர்ச் சொல்லை எடுத்தாலோ, அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய நினைவுகளும் கூடவே வந்துசேரும்.

1897-இல் வேல்ஸ் நாட்டு மிஷனரி டி. இ. ஜோன்ஸ் ஐஸாலுக்கு வந்தார். 1899 ஜூலை 25 அன்று கூமா, காரா என்னும் இருவர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றனர். 1901 குடிமதிப்பில் 82,000-க்கு மேற்பட்ட மக்களில் கிறிஸ்தவர் 45 பேரே. சபை என்று சொல்வதற்கும் தயங்கவேண்டிய எண்ணிக்கை அது.

அவர்களை எழுப்பிய செய்தி சுற்றிவளைத்து வந்தது. 1904-இன் இறுதியில் வேல்ஸ் நாட்டில் இவான் ராபர்ட்ஸ் என்னும் இளைஞரை முன்னிட்டு ஒரு பெரிய சமய எழுச்சி தோன்றிற்று. ஆங்கிலத்தின் நிழலில் ஒடுங்கிக் கிடந்த வேல்ஸ் மொழியிலேயே அதன் பாடல்களும் மன்றாட்டுகளும் பொங்கின. அந்நாட்டு மிஷனரிகள் காசி மலையில் 1841 முதலே பணியாற்றி வந்தனர். அங்கும் மொழிக் கதை ஒன்றுண்டு. அதற்குமுன் வங்காள எழுத்தில் காசி மொழியை அச்சிட்ட முயற்சி வேரூன்றவில்லை. தாமஸ் ஜோன்ஸ் என்பவர் வேல்ஸ் மொழியின் பாணியில் ரோமன் எழுத்தில் அதை அமைத்தார். ஆகையால் காசி நெடுங்கணக்கில் இன்றும் ககர இன எழுத்தையடுத்து ஙகரம் ஒரு தனி எழுத்தாக அமர்ந்திருக்கிறது. நமது ஙகரத்துக்கு அத்தனை தொலைவில் ஓர் உறவு இருப்பது கண்டு மகிழலாம்.

வேல்ஸ் செய்தி கேட்டு ஏங்கிய காசிச் சபையினர் மாதக்கணக்கில் கூடி மன்றாடினர். 1905 மார்ச்சில் பரியோங் என்னும் ஊரில் கூடியிருந்தபோது அந்த எழுச்சி அங்கும் மூண்டது. அச்செய்தி எட்டவே, 1906-இல் மிசோ கிறிஸ்தவர் சிலர் மலையும் காடும் கடந்து பல நாள் பயணம் செய்து, மைராங்கில் கூடிய காசிச் சபையினரின் மாநாட்டுக்குச் சென்றனர். அவர்களுக்கோ காசி மொழி தெரியாது. இரண்டும் வெவ்வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்தவை. புரியாத மொழியில் பிறர் அழுவதையும் ஆனந்திப்பதையும் பார்த்துத் திரும்பினர். அதே ஏப்ரலில் ஐஸாலில், லுங்லேயிலிருந்து வந்திருந்த விருந்தினரை வழியனுப்பக் கூடிய சிறு கூட்டத்தில், பாடிக்கொண்டிருக்கும்போதே அவர்களும் அவ்வாறே உள்ளமுடைந்து நின்றனர். பார்த்து வந்தது காசி மலையிலாயினும், அது தங்களை அடைந்தது தங்கள் மொழியில் தாங்கள் பாடிய வேளையில்தான்.

இத்தகைய எழுச்சிக்குத் தமிழ்ச் சபையினர் எழுப்புதல் என்று பெயரிட்டனர். மிசோ மக்கள் ஹர்னா என்கின்றனர். விழிப்பு என்பது அதன் பொருள். இரு சொற்களுமே, உறங்குபவனை முன்னிட்டுப் பிறந்தவை.

அத்துடன் எல்லாம் இனிதாயிற்று என்று நினைத்தல் தவறு. சில ஆண்டுகளுக்குள்ளேயே ‘பூமா ஸாய்’ என்னும் புதுவகைப் பாட்டு மலையெங்கும் பரவிற்று. ஸாய் என்றால் பாட்டு. ஊர்த்தலைவர்கள் அதனை விருந்து வைத்து வளர்த்தனர். கிறிஸ்தவர்களைக் கேலி செய்யவும் அது பயன்பட்டது. புதிய சமயம் தந்த கீர்த்தனைகள் மேனாட்டு மெட்டில் அமைந்தவை. பூமா ஸாய் மலையின் சொந்த மூச்சில் பிறந்தது. ஊர் எதன் பின்னால் போகும் என்று சொல்லவும் வேண்டுமா? பிறகு 1911-இல் மூங்கில் பூத்தது. அம்மலையின் மூங்கிலினம் ஒன்று ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை காடு முழுவதும் ஒருசேரப் பூத்துக் காய்த்து மடியும். அக்காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் அவை நெல்லில் பாயும். மௌதாம் என்று அவர்கள் அஞ்சும் அப்பஞ்சத்தில் பலர் மாண்டனர். பஞ்ச காலத்தில் பிறருக்கு உதவிய சபை மீண்டும் மக்கள் மனத்தில் இடம்பெற்றது. 1913-இல் இரண்டாவது விழிப்பு வந்தது.

இக்காலத்தில் எழுந்த ஒரு வழக்கத்தைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. 1910-இல் தொடங்கிய அதற்குப் பூஃபாய் தாம் என்று பெயர். வீட்டுப் பெண்கள் உலையிடும் ஒவ்வொரு வேளையிலும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவர். வாரந்தோறும் அதனைச் சபைக்குச் சேர்ப்பர். நம் ஊர்களில் பிடியரிசி என்று வழங்குவதேதான். மலைச்சரிவில் காட்டைத் திருத்தி விளைவித்த நெல், எலிக்குத் தப்பிய நெல், அதில் ஒரு பிடி. கூட்டங்களில் எழும் ஆரவாரத்தைவிட இப்பழக்கமே ஆவியின் ஆற்றலுக்கு உறுதியான அடையாளம் என்பது நம் எண்ணம். ஆரவாரம் ஓரிரவில் அடங்கிவிடும். உலை நாள்தோறும் கொதிக்கவேண்டும்.

மூன்றாவது விழிப்பு 1919-இல் வந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று ஊர்களில் ஏறக்குறைய ஒரே வேளையில் அது தோன்றிற்று என்பர். முந்தையவற்றைவிடப் பெரியது அது; அண்டை மலைகளிலும் பரவிற்று. அதில் முரசு வழிபாட்டுக்குள் வந்தது. மிசோ மக்களின் முரசுக்குக் குவாங் என்று பெயர். அரிசிக்கள் குடித்து ஆடிய பழைய விருந்துகளின் கருவி என்பதால் மிஷனரிகளும் முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களும் அதை வழிபாட்டிலிருந்து விலக்கி வைத்திருந்தனர். அவர்கள் அச்சத்தையும் நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. குடியை விட்டவனுக்குக் கள்ளுக்கடைப் பாட்டு ஆபத்தானதுதான். தமிழ்நாட்டிலே பறைக்கும் இப்படியொரு விலக்கு நெடுங்காலம் இருந்ததை நேயர்கள் அறிவார்கள். ஆயினும் மலைமக்கள் தங்கள் பெருந்துக்கத்தையும் பெருமகிழ்ச்சியையும் சொல்ல அறிந்தது அந்த ஒலியோடுதான்.

முரசு வந்ததும் பாட்டும் மாறிற்று. பதேயா, கம்லாலா, சைனூனா முதலிய புலவர்கள் பழைய மலைப்பாட்டின் சொல்வளத்தைக் கொண்டே கிறிஸ்தவப் பாடல்களை இயற்றினர். லெங்கௌம் ஸாய் எனப்படும் கூட்டுப்பாடல் இவ்வாறு பிறந்தது. மெதுவான நடை, இழுத்துப் பாடும் குரல், இடையறாத முரசு. வேல்ஸ் மிஷனரிகள் கற்பித்த நான்கு குரல் இசையையும் அவர்கள் கைவிட்டாரில்லை. ஒரே சபையில் இரண்டும் வாழ்கின்றன. இப்பாடல்கள் மிகுதியாக ஒலிக்கும் இடம் கோயில் மட்டுமன்று. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் அக்கம்பக்கத்தார் இரவுதோறும் அங்கே கூடி, வீட்டார் தனிமையில் வாடாதபடி அவர்களுடன் அமர்ந்து பாடுவர். நம் ஒப்பாரி இறந்தவரை விளித்துப் புலம்புவது. அவர்கள் பாட்டோ இருப்பவருக்குத் துணையிருப்பது.

1911-இல் 2,400-க்கு மேல் இருந்த கிறிஸ்தவர் தொகை 1921-இல் 27,000-ஐத் தாண்டிற்று. 2011 குடிமதிப்பில் மிசோரம் மாநில மக்களில் 87 விழுக்காட்டினர் கிறிஸ்தவர். எண்ணிக்கையின் பெருக்கத்துக்குக் கல்வி, மருத்துவம், ஆட்சி மாற்றம் எனக் காரணம் பல உண்டு. விழிப்பு ஒன்றையே காரணமாகக் கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. விழிப்பும் எப்போதும் நன்மையே பயந்ததில்லை. 1937-இல் கேல்காங் என்னும் ஊரில் சிலர் கூறியதை ஆவியின் வாக்கென நம்பி மக்கள் மலைச்சாகுபடியைக் கைவிட்டனர். மாவட்ட அதிகாரி மெக்கால் நேரில் சென்று தலைவர்களைச் சிறையிலிட்டார். மனம் பொங்குவதெல்லாம் ஆவியின் செயலன்று என்பதைச் சபையினரே பின்னர் கவனமாகப் பிரித்துணர வேண்டியதாயிற்று.

தமிழ் மண்ணிலும் இதற்கு முன்னோடி உண்டு. அன்றைய திருநெல்வேலிச் சீமையில், கிறிஸ்தியான்பேட்டை என்னும் சிற்றூரில், ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) என்பவர் நடத்திய சபையில் 1860-இல் இத்தகைய எழுப்புதல் நிகழ்ந்தது. அவர் தமிழில் கீர்த்தனை இயற்றியவர். வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பாமல் உள்ளூர் ஊழியர்களைக் கொண்டே பணியாற்றியவர். வேல்ஸ் எழுச்சிக்கு 44 ஆண்டு முந்தையது இது. மேனாட்டார் வந்து மூட்டினால்தான் கீழைநாட்டில் தீ பற்றும் என்று எண்ணுவோருக்கு இது போதிய விடை.

மிசோ மொழியில் புதிய ஏற்பாடு 1916-இலும், முழு விவிலியம் 1959-இலும் வெளிவந்தன. அலுவல் காரணமாக ஐஸாலுக்குச் செல்ல நேரும் அன்பர்கள் உள்நுழைவு அனுமதிச் சீட்டை முன்னதாகவே பெற்றுக்கொள்வது நலம். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். தெரு அமைதியாக இருக்கும். ஏதேனும் ஒரு கோயிலின் அருகே நின்றால் முதலில் காதில் விழுவது முரசாகவே இருக்கும். மொழி தெரியவில்லையே என்று தயங்காமல் உள்ளே சென்று பின்வரிசையில் அமரலாம். மைராங்குக்குச் சென்ற மிசோக்காரர்களுக்கும் மொழி தெரியாது.