தோட்டத்துப் பெட்டியில் உறங்கும் ஆஸ்தி

1877ஆம் ஆண்டில் ஹியூ லோ மலாயாவின் பேராக் மாநிலத்தில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தபோது கோலகங்சாரில் நடப்பட்ட சில ரப்பர்க் கன்றுகளிலிருந்து, அடுத்த அரை நூற்றாண்டுக்குள் மாநிலமெங்கும் பால் மரக் காடுகள் பரவின. அந்தக் காடுகளில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, வெளிச்சம் வருமுன் பால் வெட்டப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்கு, தாங்கள் குடியிருந்த லயமோ, லயத்தின் பின்னே கீரை விதைத்த பாத்தியோ சொந்தமாக இருந்ததில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில், மிச்சம் பிடித்த செல்வம் எதுவாயினும், தலையில் தூக்கிவைத்துக்கொண்டு போகத்தக்க ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்குவதாகவே இருக்கவேண்டியதாயிற்று.

அந்தப் பெட்டிகள் இன்று ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பேரப்பிள்ளைகளின் வீடுகளில், பாட்டியின் ஞாபகார்த்தமாகப் பரண்மேல் இருக்கின்றன. எப்போதாவது திறந்து பார்க்கும்போது, உள்ளே இருப்பவற்றின் மதிப்பைக் கேட்டு வாரிசுகள் வியந்து, அதை அதிர்ஷ்டம் என்று சொல்கிறார்கள். வைத்துவிட்டுப் போனவர்களின் விவேகத்துக்கு அது பொருத்தமான பெயர் அன்று என்பது என் அபிப்பிராயம்.

முதலில் தங்கத்தைப் பார்ப்போம். காசுமாலையிலும் பதக்கத்திலும் கோக்கப்பட்ட பிரிட்டிஷ் பவுன் ஒவ்வொன்றும் 22 காரட் தரத்தில் 7.98 கிராம் எடையுள்ளது. நம் மக்கள் எட்டுக் கிராமை ஒரு பவுன் என்று கணக்கிடுவதற்கு மூலமே இந்தக் காசுதான். 1934 முதல் 1971 வரை அமெரிக்க அரசாங்கம் ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று விலையை ஸ்திரமாக வைத்திருந்தபடியால், 1950களில் மலாயா நாணயத்தில் ஒரு பவுன் காசிலிருந்த தங்கம் ஏறக்குறைய 25 வெள்ளி பெற்றது. அந்தக் கட்டு அவிழ்ந்தபின் ஏறத் தொடங்கிய விலை, 2025 அக்டோபரில் அவுன்ஸுக்கு 4,000 டாலரைக் கடந்தது. அக்கணக்கில் அதே காசு அப்போது 3,900 ரிங்கிட்டுக்கு மேல் பெற்றது. வங்கியை அறியாத, நிலம் வாங்க இயலாத ஒரு பெண், கூலியில் மிஞ்சியதைக் கழுத்தில் அணிந்துகொண்டது அலங்கார மோகத்தினால் மட்டும் என்று யார் சொல்லக்கூடும்?

வெள்ளிக் காசின் கதை இன்னும் விசேஷமானது. 1903இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை பொறித்து வெளியான நீரிணைக் குடியேற்ற நாணயம், 26.95 கிராம் எடையும் ஆயிரத்துக்கு 900 பங்கு தூய வெள்ளியும் கொண்டது. சில ஆண்டுகளில் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியதால், ஒரு வெள்ளி என்று முத்திரையிட்ட காசை உருக்கினால் அதற்கு மேல் கிடைக்கும் என்ற நிலை உருவாகவே, அரசாங்கம் பழைய காசுகளைத் திரும்பப் பெற்று, 1907 முதல் 20.21 கிராம் எடையில் சிறிய காசை வெளியிட்டது. உலோகத்தின் மதிப்பு வேறு, காசின் மதிப்பு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நாணயம் சேகரிப்போர் தேடுவது தேய்மானமில்லாத காசை. வளையம் பற்றவைத்த காசுக்கும், புளி போட்டுத் தேய்த்த காசுக்கும் அவர்களிடம் மதிப்பு மிகவும் குறைந்துவிடும். ஆகையால், பளபளப்பாக்கும் ஆசையை அடக்கிக்கொள்வதே முதல் புத்திசாலித்தனம்.

மூன்றாவது காகிதம். பெரும்பாலோர் அலட்சியமாகக் குப்பையில் எறிவதும் இதைத்தான். ஜப்பானியர் ஆட்சியில் அச்சான வாழை மரப் படமுள்ள பத்து வெள்ளி நோட்டுகள் 1945இல் ஒரே நாளில் செல்லாக் காசாயின. அவை இன்றும் ஏராளமாகக் கிடைப்பதால் விலை சொற்பமே. தொடர் எண் அச்சான சில நோட்டுகளுக்கே கூடுதல் மதிப்பு உண்டு. ஆனால் அதே பெட்டியில் வேறொரு காகிதமும் இருக்கக்கூடும்.

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றபோது, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்தார்கள். அந்தத் தோட்டத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். சுங்கை சிப்புட்டின் தோட்ட மண்ணில் வளர்ந்தவரும், பிற்காலத்தில் துன் பட்டம் பெற்றவருமான அமைச்சர் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளிகளைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தச் செய்து பங்குதாரர்களாக்கினார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டமாயிற்று. அவ்வாறு பணம் கட்டிய தாத்தாவின் பங்குச் சான்றிதழ் மடிப்பில் கிழிந்து, ரசீதுகளோடு சேர்ந்து கிடந்தாலும், அது வெறும் பழங்காகிதம் ஆகிவிடாது. சங்கம் இன்றும் தோட்டங்களோடு இயங்கிவருகிறது. உறுப்பினர் மறைந்தபின் பங்கு அவர் குறித்த நியமனதாரருக்கோ வாரிசுக்கோ உரியது. தபால் நிலையச் சேமிப்பு வங்கியின் பழைய கணக்குப் புத்தகமும் இவ்வாறே. அந்த வங்கியின் கணக்குகள் 1974இல் தேசிய சேமிப்பு வங்கியான பேங்க் சிம்பானான் நேஷனலுக்குச் சென்றன.

பெட்டியைத் திறப்பவர் செய்யவேண்டியவை சில. எதையும் தேய்க்காமலும், ஒட்டுத்தாள் ஒட்டாமலும் முதலில் படம் எடுத்து வைக்கவேண்டும். அடகுக் கடைக்காரர் சொல்லும் விலை உலோகத்தின் விலை மட்டுமே என்பதை மறவாமல், நாணயம் அறிந்தவர் இருவரிடமாவது காட்டவேண்டும். பங்குச் சான்றிதழையும் கணக்குப் புத்தகத்தையும், இறப்புச் சான்றிதழோடும் உறவை நிரூபிக்கும் பத்திரங்களோடும் உரிய நிறுவனத்துக்கு நேரில் கொண்டுபோகவேண்டும். தோட்டத்து எழுத்தரான கிராணி கையெழுத்திட்ட சம்பளச் சீட்டு, கப்பல் பயணப் பத்திரம் போன்றவை சந்தையில் விலை போகாவிட்டாலும், தோட்டத் தமிழரின் சரித்திரத்துக்கு அவையே ஆதாரம். 1883இல் தைப்பிங்கில் நிறுவப்பட்ட பேராக் அரும்பொருளகம், தேசிய ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் அவற்றைக் காட்டி யோசனை கேட்கலாம்.

விற்பதா, வைத்திருப்பதா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் தேவையைப் பொறுத்தது. பிள்ளையின் படிப்புக்காகப் பாட்டியின் காசுமாலையை விற்பதில் குற்றம் ஏதுமில்லை, அதற்காகத்தானே அவள் அதைச் சேர்த்தாள். ஆயினும், அது எந்தத் தோட்டத்தில், யாருடைய கூலியில், எந்த அச்சத்தினாலும் எந்த நம்பிக்கையினாலும் சேர்ந்தது என்பதை, சொல்லத் தெரிந்த பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துவிட்டுப் பிறகு விற்கட்டும். பணத்தைப் பிள்ளைகள் மறுபடி சம்பாதித்துக்கொள்வார்கள், அந்த விவரத்தைச் சம்பாதிக்க வேறு வழி கிடையாது.